பிடித்துக்கொண்ட தசையை இழுக்காதீர்கள், இளைப்பாற விடுங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பெரியவர்களுக்கான சுகாதார உரை



இடுப்பு பிடித்துக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? கோடாலித் தைலத்தை எடுத்துத் தேய்ப்போம். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வோம். சுளுக்கு எடுக்கிறவரிடம் போவோம். அதுவும் முடியாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு, வளைந்த முதுகை நாமே வலுக்கட்டாயமாக நிமிர்த்தப் பார்ப்போம். இவை எல்லாவற்றிலும் எண்ணம் ஒன்றுதான்: பிடித்துக்கொண்டதை இழுத்து விடவேண்டும்.

இதற்கு நேர்மாறாகச் செய்யும் ஒரு சிகிச்சை முறை உண்டு. அதில் பிடித்துக்கொண்ட தசையை இழுப்பதில்லை. அது எந்தப் பக்கம் சுருங்க விரும்புகிறதோ அந்தப் பக்கமே அதைக் கொண்டுபோய், சற்று நேரம் அசையாமல் வைத்து, பிறகு மெல்லத் திரும்பக் கொண்டுவருவார்கள். இதன் பெயர் கவுண்டர்ஸ்ட்ரெயின். ஒஸ்தியோபதி என்ற கைமுறைச் சிகிச்சையின் ஒரு பிரிவு இது. இன்று உங்களுடன் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

நான் மருத்துவர் அல்ல, மொழிபெயர்ப்பாளர். பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் சுகாதாரச் செய்திகளை, நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் எழுதித் தருவது என் வேலை. ஆகவே இந்த உரை டாக்டரின் ஆலோசனைக்கு மாற்று ஆகாது. எந்த வலிக்கு இந்த முறை உதவும், எந்த வலிக்கு உதவாது, எந்த வலி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே நோக்கம்.

தோட்ட வேலை உடம்பில் விட்ட தடம்

லாபு, ரந்தாவ், சிலியாவ், லின்சம், சுவா பெத்தோங், பகாவ், தம்பின் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் தோட்டம்தான். இன்று அவற்றில் பல தாமான்களாகிவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்துவிட்டது. லயத்தை விட்டு வந்தாலும், அந்த வேலை செய்த முதுகும் தோளும் நம்முடனேயே வந்திருக்கின்றன.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மரத்திலும் குனிந்து, உடம்பைத் திருப்பி, உளியை ஓட்டவேண்டும். வெட்டு கீழே இருந்தால் இடுப்பு வளையும். மேலே இருந்தால் கழுத்து அண்ணாந்தே இருக்கும். பிறகு பால் எடுத்து, காண்டா கம்பில் இரண்டு பக்கமும் வாளியை மாட்டி, ஒரே தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்கவேண்டும். செம்பனையில் வேலை செய்தவர்களுக்கு வேறு வகைப் பாடு. நீளக் கழியின் முனையில் அரிவாளைக் கட்டி, உயரத்தில் இருக்கும் குலையை அண்ணாந்து பார்த்து அறுப்பது. அறுத்த குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போடுவது. நாள் முழுக்கக் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவது. மருந்து அடிக்கும் பம்பை முதுகில் சுமப்பது.

இப்படி உழைத்த உடம்பில் வயதான பிறகு வலி வருவது ஆச்சரியம் இல்லை. ஆனால் “வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்” என்று விட்டுவிடுவது சரியல்ல. வலிக்குப் பயந்து நடப்பதைக் குறைத்தால் கால் பலம் குறையும். கால் பலம் குறைந்தால் குளியலறையில் வழுக்கி விழும் ஆபத்து கூடும். ஒரு சாதாரணப் பிடிப்பு இப்படித்தான் ஒருவரைப் படுக்கையில் தள்ளுகிறது.

1955இல் நடந்தது

ஒஸ்தியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1874இல் தம் கருத்துகளை வெளியிட்டார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் முதல் ஒஸ்தியோபதிக் கல்லூரியைத் திறந்தார். கையால் தொட்டு அறிந்து, கையாலேயே எலும்பு, மூட்டு, தசைகளைச் சீர்செய்வது இந்த முறையின் அடிப்படை.

கவுண்டர்ஸ்ட்ரெயின் பிறகு வந்தது. லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற ஒஸ்தியோபதி மருத்துவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் சிகிச்சை செய்துவந்தார். 1955இல் முதுகு வளைந்துபோய் நிமிர முடியாத ஓர் இளைஞர் அவரிடம் வந்தார். வழக்கமான சிகிச்சை எதற்கும் அந்த வலி அசையவில்லை. இரவில் தூங்கவும் முடியவில்லை. சரி, தூங்குவதற்காவது ஒரு வசதியான நிலையைக் கண்டுபிடித்துக் கொடுப்போம் என்று ஜோன்ஸ் முயன்றார். உடம்பை இப்படியும் அப்படியும் மாற்றி, தலையணைகளை முட்டுக்கொடுத்து, கடைசியில் வலி குறைந்த ஒரு நிலையைக் கண்டுபிடித்தார். இளைஞரை அப்படியே படுக்க விட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து எழுப்பியபோது அந்த இளைஞரால் நேராக நிற்க முடிந்தது.

சிகிச்சை என்று நினைத்துச் செய்தது உதவவில்லை. ஓய்வுக்காகச் செய்தது உதவியது. இது ஏன் என்று ஜோன்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1964இல் ஒரு கட்டுரையும், 1981இல் ஒரு நூலும் வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, பிடிப்பு இருக்கும் இடத்துக்கு ஏற்ப உடம்பில் ஒரு சிறிய புள்ளி இருக்கும். விரல்நுனி அளவுதான். அங்கே அழுத்தினால் சுற்றியுள்ள இடத்தைவிட அதிகமாக நோகும். இதை நோவுப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, வலிக்கிற இடத்திலேயே அந்தப் புள்ளி இருக்கவேண்டும் என்பதில்லை. முதுகுவலிக்குரிய புள்ளி சிலருக்கு முன்பக்கம் அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ இருக்கும். முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியாமலே போகும்.

மூன்றாவது, இதமான நிலையில் இருபது நிமிடம் வைத்திருக்கத் தேவையில்லை. 90 விநாடி போதும் என்று அவர் கணக்கிட்டார். இன்றும் இந்தச் சிகிச்சை செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கையே பின்பற்றுகிறார்கள்.

தசைக்குள் இருக்கும் ஜாகா

இது எப்படி வேலை செய்கிறது? இதற்குச் சொல்லப்படும் விளக்கத்தை ஒரு தோட்ட உதாரணத்தோடு பார்ப்போம்.

நம் தசைகளுக்குள் மிக நுண்ணிய உணர்வுக் கருவிகள் இருக்கின்றன. தசைக்கதிர் என்று தமிழில் சொல்கிறார்கள். தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை கவனித்து நரம்பு வழியாகத் தகவல் அனுப்பும். தசை திடீரென்று நீண்டால், “கிழிந்துவிடப் போகிறது, சுருங்கு” என்ற கட்டளை உடனே வரும். இது நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. தோட்டத்து ஜாகாவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெகுநேரம் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறீர்கள். அப்போது வயிற்றுப் பக்கத் தசைகள் சுருங்கித் தளர்ந்து கிடக்கின்றன. யாரோ கூப்பிடுகிறார்கள். சட்டென்று நிமிர்கிறீர்கள். சுருங்கிக் கிடந்த தசை ஒரே நொடியில் நீள்கிறது. அசந்திருந்த ஜாகா பதறி எழுந்து மணியை அடிக்கத் தொடங்குகிறார். தசை இறுகுகிறது. ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் மணி நிற்கவில்லை. அதுதான் பிடிப்பு.

இப்போது நாம் அந்தத் தசையை இன்னும் இழுத்தால் என்ன ஆகும்? ஜாகா இன்னும் பலமாக மணி அடிப்பார். மாறாக, தசையைச் சுருங்கிய நிலையிலேயே வைத்துத் தாங்கிக்கொண்டால், அடிக்கக் காரணம் இல்லாமல் அவர் மெல்ல அமைதியாவார். பிறகு திரும்பி வரும்போது மெதுவாக வரவேண்டும். வேகமாக வந்தால் மறுபடியும் பதறிவிடுவார்.

இர்வின் கோர் என்ற உடலியல் அறிஞர் 1975இல் தசைக்கதிர்களை வைத்து இத்தகைய விளக்கத்தை எழுதினார். இது பொருத்தமான விளக்கம்தான். ஆனாலும் முழுமையாக நிரூபிக்கப்பட்ட ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

பயிற்சி பெற்ற ஒருவரிடம் போனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் இருக்காது.

முதலில் அவர் உங்களிடம் கேள்வி கேட்பார். எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, இனிப்புநீர் உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்கவேண்டும். கேள்வியே கேட்காமல் உங்கள் கழுத்தில் கை வைக்கிறவரிடம் சிகிச்சை எடுக்காதீர்கள்.

அடுத்து விரல்நுனியால் மெல்ல அழுத்தி நோவுப் புள்ளியைத் தேடுவார். கிடைத்ததும், “இந்த நோவு இப்போது பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்பார்.

பிறகு ஒரு விரலை அந்தப் புள்ளியிலேயே வைத்துக்கொண்டு, உங்கள் காலையோ கையையோ தலையையோ மெல்ல நகர்த்துவார். “இப்போது எவ்வளவு? ஏழா? ஐந்தா?” என்று கேட்டுக்கொண்டே நகர்த்துவார். மூன்றுக்கோ அதற்குக் கீழோ வந்த இடம்தான் இதமான நிலை. இங்கே உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: உண்மையைச் சொல்வது. அவர் மனம் கோணக்கூடாது என்று “குறைஞ்சிடுச்சி தம்பி” என்று சொல்லிவிடாதீர்கள். நோவு குறையாவிட்டால் குறையவில்லை என்றே சொல்லுங்கள்.

அந்த நிலையில் 90 விநாடி உங்களைத் தாங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் உடம்பை அவரிடம் விட்டுவிடவேண்டும். உதவி செய்கிறேன் என்று நீங்களே காலைத் தூக்கினால் தசை மறுபடியும் இறுகும்.

கடைசியில், மிக மெதுவாக உங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார். பிறகு அதே புள்ளியை மறுபடி அழுத்திப் பார்ப்பார். நோவு குறைந்திருந்தால் பலன் கிடைத்தது என்று பொருள்.

இதில் நெட்டி முறிப்பது இல்லை. மிதிப்பது இல்லை. அலறவைக்கும் அழுத்தம் இல்லை. அதனால்தான் வயதானவர்களுக்குப் பல முறைகளைவிட இது மென்மையானது என்கிறார்கள். மறுநாள் உடம்பு சற்று அசதியாக இருக்கலாம். அது ஓரிரு நாளில் போய்விடும்.

பலன் எவ்வளவு?

இதை மறைக்காமல் சொல்லவேண்டும். 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு நோவுப் புள்ளியின் வலி குறைகிறது என்று கண்டது. ஆனால் அதற்கு ஆதாரமான ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் சொன்னது. 2011இல் ஆஸ்திரேலியாவில் புதிதாக இடுப்புவலி வந்த 89 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி மட்டும். இன்னொரு பிரிவினருக்கு உடற்பயிற்சியோடு கவுண்டர்ஸ்ட்ரெயின். முடிவில் இரண்டு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை.

இதிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்? இந்த முறை பிடிப்பைத் தளர்த்தி, அசையமுடியாமல் இருக்கிறவரை அசையவைக்க உதவலாம். எழுந்து நடமாடினால்தான் முதுகு முழுமையாகத் தேறும். இதமான நிலை ஒரு கதவு. கதவைத் திறந்துவிட்டு உள்ளேயே படுத்துக்கொண்டால் பயன் இல்லை. எலும்புத் தேய்மானத்தையோ, நரம்பு நசுங்கியதையோ, இனிப்புநீரால் வரும் கால் எரிச்சலையோ இது குணப்படுத்தாது. யாராவது “நாலு தடவை வந்தால் எல்லாம் சரியாகும்” என்று சொல்லிப் பணம் கேட்டால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது

நோவுப் புள்ளியைத் தேடி உடம்பைத் திருப்பும் சிகிச்சையைப் பயிற்சி பெற்றவர்தான் செய்யவேண்டும். ஆனால் அதன் அடிப்படையை, அதாவது இதமான நிலை, பொறுமை, மெல்லத் திரும்புதல் ஆகிய மூன்றையும், வீட்டில் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்.

இடுப்பு பிடித்துக்கொண்டால்: கட்டிலில் மல்லாந்து படுங்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு மூன்று தடித்த தலையணைகளையோ, சுருட்டிய போர்வையையோ வையுங்கள். முழங்கால் மடங்கி, இடுப்பு கட்டிலில் படியும். கால்களைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். முழு பாரத்தையும் தலையணை சுமக்கட்டும். தரையில் படுத்துக் கால்களை நாற்காலியில் வைப்பதும் நல்லதுதான். ஆனால் தரையிலிருந்து நீங்களாகவே எழுந்திருக்க முடியும் என்றால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டால்: மேசை அருகே நாற்காலியில் உட்காருங்கள். வலிக்கிற பக்கத்து முழங்கையை மேசைமேல் ஒரு தலையணையில் வையுங்கள். தோள் சற்றே காதை நோக்கி உயரட்டும். தலையை வலிக்கிற பக்கமே மிகச் சிறிதளவு சாயுங்கள். எதிர்ப்பக்கம் இழுக்கவேண்டாம். பின்னால் அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். கழுத்தை வளைத்து முறிக்கவே வேண்டாம்.

இரவில் தூங்கும்போது: ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம்? கடிகாரம் தேவையில்லை. அவசரப்படாமல் ஒன்றிலிருந்து தொண்ணூறுவரை மனத்துக்குள் எண்ணுங்கள். நிதானமாக இருபது, இருபத்தைந்து மூச்சு விட்டாலும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். இதமாக இருந்தால் இன்னும் சில நிமிடம் இருக்கலாம்.

எழுந்திருக்கும் விதம் மிக முக்கியம். படுத்த நிலையிலிருந்து அப்படியே எழும்பாதீர்கள். முதலில் ஒருக்களியுங்கள். கையை ஊன்றி மெல்ல உட்காருங்கள். கால்களைத் தரையில் வைத்து ஒரு நிமிடம் அமர்ந்திருங்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

எழுந்ததும் மறுபடி போய்ப் படுத்துவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். பிடிப்பு தணிந்த நாட்களில், கனமான நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சியை ஐந்து முறை செய்யுங்கள். விழாமல் இருக்க மேசையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது வேறு விஷயம். அதற்குக் காலை நீட்டிப் பாதத்தை மேல்நோக்கி மடக்குவதுதான் உதவும். எல்லா வலிக்கும் ஒரே வழி கிடையாது.

இப்படிச் செய்யும்போது வலி கூடினாலோ, கை கால் மரத்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

தாமதிக்கக் கூடாத வலிகள்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டிலுள்ள பிள்ளைகளிடமும் படித்துக் காட்டுங்கள்.

நெஞ்சு, இடது தோள், கை, கழுத்து, தாடை இவற்றில் இறுக்கமோ வலியோ வந்து, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் இருந்தால் அது வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999 அழையுங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும்கூட வரலாம்.

முதுகுவலியோடு சிறுநீர் போக முடியாமல் இருப்பது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலம் திடீரென்று குறைவது ஆகியவை நரம்பு நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நாளை காலை பார்க்கலாம் என்பது கால்களை இழக்கக் காரணமாகலாம்.

விழுந்த பிறகு வரும் வலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணம் இல்லாமல் உடம்பு இளைத்துக்கொண்டே வருவது, படுத்தாலும் ஓயாமல் இரவெல்லாம் வலிப்பது, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் எலும்பு வலி ஆகியவற்றையும் முதலில் டாக்டர் பார்க்கவேண்டும். வயதான அம்மாமார்களுக்கு எலும்பு வலுவிழந்திருந்தால், சும்மா தடுக்கி உட்கார்ந்தாலே முதுகெலும்பில் முறிவு ஏற்படலாம். அந்த முதுகை மிதிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாத்திரையில் கவனம்

வலி தாங்காமல் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது நம்மிடையே சகஜம். டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட் போன்றவை வலியைக் குறைக்கும். ஆனால் இனிப்புநீர், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும். வயிற்றில் இரத்தக் கசிவும் ஏற்படும்.

இன்னொன்று, பாசார் மாலாமிலும் வீடு வீடாகவும் விற்கப்படும் ‘வேர்’ மாத்திரைகளும் ஜாமுகளும். இவற்றில் சிலவற்றில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடும். ஆனால் நாளடைவில் முகம் உப்பும், இனிப்புநீர் ஏறும், எலும்பு உளுத்துப்போகும். பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்திருந்தால், சட்டென்று நிறுத்தாமல் அந்தப் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

யாரிடம் போவது?

முதலில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக். அங்கே டாக்டர் பார்த்து, தேவைப்பட்டால் பிசியோதெரபிக்கு எழுதித் தருவார். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை, கோலாப் பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை, போர்ட்டிக்சன் மருத்துவமனை, தம்பின் மருத்துவமனை ஆகியவை நம் மாநிலத்தில் உள்ள அரசாங்க மருத்துவமனைகளில் சில.

ஒஸ்தியோபதி சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் தனியார் துறையில்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஸ்தியோபதி படித்தவர்கள் முழு மருத்துவர்கள். மலேசியாவில் அப்படி அல்ல. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ், அதாவது சட்டம் 775இன்கீழ், அங்கீகரிக்கப்பட்ட ஏழு துறைகளில் ஒன்றாக ஒஸ்தியோபதி வருகிறது. மற்ற ஆறு: பாரம்பரிய மலாய் மருத்துவம், சீன மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், இஸ்லாமிய மருத்துவ முறை. இந்தத் துறைகளில் சிகிச்சை தருகிறவர் பதிவு பெற்றிருக்கவேண்டும்.

ஆகவே, போகும் இடத்தில் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. உங்கள் பதிவுச் சான்றிதழைக் காட்டமுடியுமா?
2. என் வலிக்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள்?
3. எத்தனை முறை வரவேண்டும், எவ்வளவு செலவாகும், பலன் இல்லாவிட்டால் எப்போது நிறுத்தலாம்?

இந்த மூன்றுக்கும் கோபப்படாமல் பதில் சொல்கிறவரே நல்ல சிகிச்சையாளர். நம் தோட்டங்களில் தலைமுறையாகச் சுளுக்கு எடுத்துவந்தவர்களின் கைப்பழக்கத்தைக் குறைத்துப் பேசவில்லை. அவர்களிடம் போனாலும், விழுந்ததையும் உங்களுக்குள்ள நோய்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். கழுத்தை மட்டும் முறிக்க விடாதீர்கள்.

வலியைச் சொல்ல ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் கடைசியாக ஒன்று சொல்கிறேன். தமிழில் வலிக்கு எத்தனையோ சொற்கள் உண்டு: குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, மரத்துப்போதல். ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தைக் காட்டும். ஆனால் கிளினிக்கில் உட்கார்ந்ததும் நாம் எல்லாவற்றையும் சுருக்கி “சாக்கிட்” என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மரத்துப்போவதும் சாக்கிட், எரிவதும் சாக்கிட் என்றால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சில மலாய்ச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தும் வலி என்றால் “மென்சுச்சோக்”. மரத்துப்போனால் “கெபாஸ்”. எரிச்சல் என்றால் “பெடே”. உழைத்த அலுப்பில் வரும் கடுப்பு என்றால் “லெங்கோ”. தசை இழுத்துப் பிடித்தால் “கெஜாங்”. “லெங்கோ”வுக்கும் “கெஜாங்”குக்கும் இன்று சொன்ன முறை உதவலாம். “கெபாஸ்” என்றால் நரம்பைப் பார்க்கவேண்டியிருக்கும். சொல்ல வராவிட்டால் தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள். அல்லது பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

வலியைப் பொறுத்துக்கொள்வது ஒரு பெருமை என்று வளர்ந்தவர்கள் நீங்கள். அன்றைக்குப் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது, சம்பளம் கிடைக்காது. அதனால் பொறுத்தீர்கள். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. பிடித்துக்கொண்ட தசைக்குத் தொண்ணூறு விநாடி கொடுங்கள். தணியாத வலியை டாக்டரிடம் கொண்டுபோங்கள். தணிந்த பிறகு எழுந்து நடங்கள்.